ஒரே அறைக்கு இரண்டு வாசல்

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லால்குடி ஹார்டுவேர் கடைக்கு இன்று கம்ப்யூட்டர் போயிற்று. வங்கி ஏலத்தில் எடுத்த பழசுதான். தூசி தட்டி, மெமரி கூட்டி, லினக்ஸ் ஏற்றி, நம் பில்லிங் புரோகிராமைப் போட்டுக் கொடுத்தால் புதுசுக்கு மேல் உழைக்கிறது. பழசு என்று வாய்விட்டுச் சொல்லித்தான் விற்கிறேன். மறைத்து விற்கிறவன் ஒரே தடவைதான் விற்பான்.

மத்தியானம் தேன்மொழி ஒரு விஷயம் சொன்னாள். என் மகன் அறிவழகன் தவறிப் போனதிலிருந்து கடையின் கம்ப்யூட்டர் வேலை முழுக்க மருமகள் தலையில்தான்.

"மாமா, நம்ம கடைங்க எல்லாத்துலயும் ஓடுற லினக்ஸுக்கு இந்த வருஷத்தோட பராமரிப்பு நிக்குது. அப்புறம் ஓட்டை விழுந்தா யாரும் அடைச்சுத் தர மாட்டாங்க. புது வெளியீடு வருது. எல்லாரையும் அதுக்கு மாத்தியாகணும்."

"ஓடுற வண்டிய எதுக்கும்மா நிறுத்திப் பிரிக்கணும்?"

"ஓடுற வண்டிக்கும் எஃப்சி காட்டணும்ல?"

விவரம் கேட்டேன். கம்ப்யூட்டரில் லைப்ரரி என்றால் புத்தகசாலை இல்லை. எல்லாப் புரோகிராமும் வந்து எடுத்துக்கொள்ளும் பொதுச் சாமான்கள் கிடக்கும் அறை. லினக்ஸில் அப்படி இரண்டு அறைகள். 'லிப்' என்று ஒன்று. 'யூஸர்' என்ற கட்டுக்குள் இன்னொரு 'லிப்'. அந்தக் காலத்தில் டிஸ்க்கில் இடம் பத்தாமல் பிரித்தார்களாம். இடப்பஞ்சம் தீர்ந்தும் பிரிவினை தீரவில்லை. வரப்போகும் வெளியீட்டில் முதல் அறைச் சரக்கையெல்லாம் இரண்டாவதில் சேர்த்துவிடுகிறார்கள். பழைய வாசலில் நுழைகிறவனும் தானாகவே புது அறையில் போய் நிற்பான்.

"குடோனைக் காலி பண்ணிட்டு வாசல்ல போர்டு மாட்டுற மாதிரி" என்றேன்.

"கிட்டத்தட்ட. ஆனா எல்லாத்தையும் குடோனாவே பாக்காதீங்க மாமா."

சிக்கல் எங்கே என்றால், எங்கள் பில்லிங் புரோகிராமை எழுதியவன் அறிவு. அதன் சாமான்களை ஒவ்வொரு கடை மெஷினிலும் 'அறிவு' என்று தன் பெயரிலேயே ஒரு ஃபோல்டரில் வைத்திருக்கிறான். ஆரம்பத்தில் விற்ற கடைகளில் முதல் அறையில். அப்புறம் விற்றவற்றில் இரண்டாவதில். சில இடங்களில் அவசரத்துக்கு இரண்டிலும், உள்ளே வேறு வேறு சரக்கு. அப்படி இருந்தால் புது வெளியீடு அறைகளைச் சேர்க்க மறுத்து நின்றுவிடுமாம். எது சரியானது என்று கடை கடையாகத் திறந்து பார்த்துச் சொல்ல தேன்மொழி ஒருத்தியால்தான் முடியும்.

தீபாவளி கழியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மறுபடி கேட்டாள். ஆடித் தள்ளுபடிக் கூட்டம் என்றேன். எங்கள் தொழிலில் ஆடித் தள்ளுபடி கிடையாது என்பது அவளுக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 23, சனி

கல்லாவில் இருக்கும் மெஷினில் புது வெளியீட்டைச் சோதனைக்குப் போட்டிருக்கிறாள். இன்னும் முழுசாக வரவில்லை. ஊரூராக ஆட்கள் போட்டுப் பார்த்து, உடைகிற இடத்தைச் சொல்லச் சொல்லச் சரி செய்கிறார்களாம். சேலத்தில் குமணன் என்று ஒருவர், பாலிடெக்னிக்கில் வேலை, அந்தச் சோதனைக் குழுவில் இருக்கிறார். தேன்மொழிக்குச் சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்கிறாள். அவளுக்கு நிறையச் சந்தேகம் வருகிறது. இன்று ரோட்டோரம் நின்று பேசிக்கொண்டிருந்தவள் சிரித்தது கடைக்குள் கேட்டது. லைப்ரரி விஷயத்தில் சிரிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

யு.பி.எஸ். பேட்டரி மூன்று திரும்பி வந்திருக்கிறது. கம்பெனிக்காரனைப் பிடிக்க வேண்டும்.

செப்டம்பர் 3, புதன்

தேன்மொழி ஒரு யோசனை கொண்டுவந்தாள். அறிவின் ஃபோல்டரைக் கடைக்குக் கடை கையால் சரி செய்வதைவிட, புரோகிராமை முறைப்படி ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டால் எந்த மெஷினிலும் சரியான அறையில் தானே போய் உட்கார்ந்துகொள்ளும். ஃபோல்டருக்குப் புரோகிராமின் பெயரே, 'நிறைகோல்'.

"அப்ப அறிவுங்கிற பேரு?"

"அது இருக்காது மாமா."

"எந்தக் கடையிலயுமா?"

"எந்தக் கடையிலயும்."

வேண்டாம் என்றேன். துறையூரிலும் முசிறியிலும் மணப்பாறையிலும் காலையில் ஷட்டரைத் தூக்கி மெஷினைப் போட்டால் முதல் பில்லுக்கு அந்த ஃபோல்டர்தான் எழுந்து வருகிறது. கடைக்காரனுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். வியாபாரத்தில் ஒரு பெயர் ஊன்றுவதற்கு எவ்வளவு நாளாகும் என்று நேற்றுப் படித்த பெண்ணுக்கு எப்படிச் சொல்வது.

"அவரே இதைச் செய்யணும்னு சொல்லிட்டிருந்தார் மாமா. இப்படிக் கட்டிட்டா யாரு வேணா பாத்துக்கலாம்."

"யாரு வேணா எதுக்குப் பாக்கணும்? நீதான் இருக்கியே."

அவள் பிரிண்டர் மூடியைத் திறந்து சும்மாவே மூடினாள்.

செப்டம்பர் 4, வியாழன்

தேன்மொழிக்குச் சம்பளம் உயர்த்தினேன். அவள் கேட்கவில்லை. நல்ல ஆளுக்குக் கேட்கும் முன் கொடுப்பதுதான் வியாபாரம்.

செப்டம்பர் 19, வெள்ளி

எனக்குப் பாடம் நடக்கிறது. எட்டாம் வகுப்போடு ஓடிவந்தவன் கறுப்புத் திரை முன்னால் உட்கார்ந்து இங்கிலீஷ் எழுத்தைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அறைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பது, ஃபோல்டரை நகர்த்துவது, அழிப்பது எல்லாம் வந்துவிட்டது. "அழிக்கிறதுக்கு முன்னாடி மட்டும் ஒரு தடவை மூச்சு விடுங்க மாமா. இங்க குப்பைத் தொட்டி கிடையாது, போனா போனதுதான்" என்கிறாள்.

துறையூர் மெடிக்கல் ஜக்கரியா பாய் தானாகவே போன் செய்தார். "முதலாளி, புதுசு வருதாமே, எனக்கு முதல்ல போட்டு விடுங்க. ஓடலைன்னா உங்களைத் திட்டுறேன், ஓடுச்சுன்னா ஊருக்கே சொல்றேன்." மறுக்க முடியவில்லை. ஒரே ஒரு கடை, சோதனைக்கு என்று ஒப்புக்கொண்டேன். பழைய ஃபோல்டரோடுதான். பெயர் மாற்றம் கிடையாது.

சாப்பிடும்போது என் மனைவி பூங்கோதை கேட்டாள். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அவ இதெல்லாம் சொல்லித் தர்றான்னு யோசிச்சீங்களா?"

"கடைக்கு நல்லதுதானே."

"கடையில இருக்கிற புத்தியக் கொஞ்சம் வீட்டுக்கும் எடுத்துட்டு வாங்க" என்று ரசத்தை ஊற்றினாள். அதிகமாகவே ஊற்றினாள்.

அக்டோபர் 11, சனி

இன்றைக்கு நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

புதன்கிழமை தேன்மொழி ஜக்கரியா பாய் கடைக்குப் புது வெளியீட்டைப் போட்டு, பில் வருவதைப் பார்த்துவிட்டு வந்தாள். இன்று சோதனைக் குழுக் கூட்டம் என்று சேலம் போனாள். பாய்க்கு ஒரு பிரிண்டர் கொடுக்க வேண்டியிருந்ததால் நான் துறையூர் போனேன். சாயங்காலம், காய்ச்சல் சீசன், கடை வாசலில் கூட்டம். பாய் அலமாரியில் மருந்து எடுத்துக்கொண்டிருந்த இடைவெளியில், கற்ற வித்தையைப் பார்ப்போமே என்று மெஷின் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் அறையைத் திறந்தேன். 'அறிவு' இருந்தது. இரண்டாவதைத் திறந்தேன். அங்கேயும் 'அறிவு'. உள்ளே எண்ணிப் பார்த்தால் அதே சாமான்கள். ஒன்றை அழிக்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஒரே சரக்கை இரண்டு இடத்தில் வைத்திருப்பது எனக்கு ஆகவே ஆகாது. ஒன்றில் எலி, ஒன்றில் தூசி. அதுவும் இந்த இரட்டிப்புதான் எல்லாச் சிக்கலுக்கும் காரணம் என்று அவளே சொல்லியிருக்கிறாள். எதை அழிப்பது? அவன் முதன்முதலில் வைத்த இடம் பழைய அறை. அது இருக்கட்டும். புது அறையில் இருந்ததை அழித்தேன்.

மூச்சு விடத்தான் செய்தேன். பிரயோஜனம் இல்லை.

பழைய அறையைத் திறந்து பார்த்தால் அங்கேயும் இல்லை.

"முதலாளி, பில்லு வரல" என்றார் பாய்.

"நான் ஒண்ணும் பண்ணலையே பாய்" என்று என் வாய் சொல்லிற்று. இத்தனை வருஷமாக வாடிக்கையாளர்கள் சொல்லிச் சொல்லி நான் உள்ளுக்குள் சிரித்த வார்த்தை.

"ஏங்க, காச்சப் புள்ளைய வச்சுக்கிட்டு நிக்கிறேன், மருந்தக் குடுத்துட்டு அப்புறமா மெஷினப் பாருங்களேன்" என்று ஒரு பெண் சத்தம் போட்டாள். பாய் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். எந்த மாத்திரை எந்த பேட்ச் என்று மெஷின்தான் சொல்லும்; ஒவ்வொரு அட்டையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்து எழுதினார். கூட்டம் ரோட்டுக்கு வந்துவிட்டது.

தேன்மொழிக்குப் போன் போட்டேன். "தேனு, சின்னச் சிக்கல்."

"என்ன கமாண்ட் குடுத்தீங்க மாமா?"

"ஒண்ணும் பெருசா..."

"மாமா."

சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அறை ஒண்ணுதான் மாமா. நீங்க பாத்தது ரெண்டு வாசல். இந்த வாசல்ல எட்டிப் பாத்தாலும் அந்த வாசல்ல எட்டிப் பாத்தாலும் உள்ள இருக்கிறது அதே சரக்கு. ஒண்ணை அழிச்சா ரெண்டும்தான் போகும்."

"அறிவு போயிட்டானா?" என்று கேட்டேன். ஃபோல்டரைத்தான் கேட்டேன்.

"வீட்டு மெஷின்ல காப்பி இருக்கு மாமா. வந்து போட்டுத் தர்றேன். ஆனா நான் வர நேரமாகும். இல்லைன்னா, உங்க பென்டிரைவ்ல நிறைகோல் பொட்டலம் இருக்கு, போன வாரமே போட்டு வச்சேன். அதை நீங்களே ஏத்திடலாம். பாய் கணக்கு டேட்டா தனியா இருக்கு, அதுக்கு ஒண்ணும் ஆகல. எதுன்னு நீங்க சொல்லுங்க."

காய்ச்சல் குழந்தை அம்மாவின் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"நிறைகோல்" என்றேன்.

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். நடுவில் போனில் யாரோ ஒரு அம்மாளின் குரல்: "பொண்ணோட மாமனாராப்பா? எலை போட்டாச்சுல்ல, சாப்பிட்டுப் பேசச் சொல்லு." அதற்கு ஓர் ஆண் குரல்: "அம்மா, சித்த இரு, அங்க கடை நின்னு கெடக்கு."

கடைசி வரியைத் தட்டினேன். பில் வந்தது. பாய் கிழித்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்து, "இதத்தான அப்பவே கேட்டேன்" என்றாள்.

நான் தேன்மொழியிடம், "எங்கம்மா இருக்க?" என்றேன்.

"சேலத்துல மாமா."

"கூட்டம்னு சொன்ன?"

"கூட்டம் காலையிலயே முடிஞ்சிருச்சு."

"எலை போட்டிருக்காங்களாமே. சாப்புடு போ" என்று வைத்துவிட்டேன்.

பாய் டீ வாங்கிக் கொடுத்தார். சர்க்கரை அதிகம்.

அக்டோபர் 12, ஞாயிறு

"உனக்குத் தெரியுமா?" என்று பூங்கோதையிடம் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஆவணியிலயே தெரியும். குமணன் நல்ல பையன். அவங்க வீட்டுலயும் எல்லாம் சொல்லியாச்சு, அவங்களுக்குச் சம்மதம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவதான் வேண்டாம்னா. எல்லாக் கடையையும் மாத்திக் குடுத்துட்டு, நீங்க யாரையும் எதிர்பாக்காம தொழில் பண்ற மாதிரி ஆக்கிட்டுத்தான் மாமாகிட்ட வாயத் தொறப்பேன்னா. மருமக விட்டுட்டுப் போயிட்டான்னு ஒரு சொல் வந்துடக் கூடாதாம். நீங்க ஆடின்னீங்க, தீபாவளின்னீங்க. நீங்க இங்க தள்ளத் தள்ள, அவ அங்க தள்ளிக்கிட்டே இருந்திருக்கா."

"தீபாவளிக்கு அப்புறம்னு நான் சொன்னது வியாபாரக் கணக்கு."

"சரி" என்றாள். கீரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கூட இருந்தவளுக்குப் பொய்க்கணக்கு காட்டுவது கஷ்டம்தான்.

அக்டோபர் 14, செவ்வாய்

லால்குடி முடிந்தது. நானே போட்டேன். தீபாவளிக்கு முன்பே.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி நேற்று. பூங்கோதை தேன்மொழிக்கு எடுத்திருந்த புடவை அரக்குச் சிவப்பு. மூன்று வருஷமாக வெளிர் நிறம்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். தேன்மொழி கட்டிக்கொண்டு வந்து காலில் விழுந்தாள். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டு பட்டாசுப் பக்கம் போய்விட்டேன்.

நவம்பர் 8, சனி

முசிறி உரக்கடை. இதுவரை போட்டதிலேயே மோசமான மெஷின். இரண்டு அறையிலும் 'அறிவு', உள்ளே ஒன்றுக்கொன்று ஒட்டாத சரக்கு. புது வெளியீடு பாதியில் நின்று, எது வேண்டும் என்று கேட்டது. தேன்மொழியும் கூட வந்திருந்தாள். முதலில் கை வைக்கவில்லை.

"நீங்களே பாருங்க மாமா."

திறந்து பார்த்தேன். ஒன்றில் உர மானியத்துக்கு அவன் தனியாக எழுதிய பகுதி இருந்தது. இன்னொன்றில் இல்லை. இருப்பதை நிறைகோலுக்குள் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன், சேர்த்தாள். பழைய இரண்டு ஃபோல்டரையும் அழிக்கட்டுமா என்று மெஷின் கேட்டது. உரக்கடைக்காரர் பின்னால் நின்றுகொண்டு, "என்னங்க யோசனை, பலமான நோயா?" என்றார். "இல்லீங்க, சரியாயிருச்சு" என்று சொல்லிவிட்டு 'ஆம்' தட்டினேன். அந்த எழுத்தைத் தட்ட ஒரு விரல் போதும். நான் இரண்டு கையையும் வைத்திருந்தேன்.

உரக்கடைக்காரர் உடனே ஒரு மூட்டைக்கு மானிய பில் போட்டுப் பார்த்தார். பைசா பிசகவில்லை. அவன் எழுதியது ஓடுகிறது, பெயர்தான் இல்லை. அப்படித்தானே நல்ல சரக்கு எல்லாமே.

திரும்பும் வழியில் வேனை ஓட்டிக்கொண்டே கேட்டேன். "சேலத்துக்கு நாங்க எப்ப வந்து பேசணும்?"

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "எல்லாக் கடையும் முடியட்டும் மாமா."

"மீதியை நான் முடிச்சுக்கிறேன். சரக்கு எறங்கினப்புறம் லாரிய நிறுத்தி வைக்கக் கூடாது. வெயிட்டிங் ஏறும்."

"என்னைய லாரிங்கிறீங்களா?"

"லாரி மாதிரி ஒழைச்சவதானே."

சிரித்த மாதிரியும் இருந்தது, வேறு மாதிரியும் இருந்தது. காவிரிக் கரை ரோடு, வளைவு அதிகம். நான் ரோட்டைத்தான் பார்த்தேன்.

நவம்பர் 16, ஞாயிறு

சேலம் போய் வந்தோம். குமணனின் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர், கொஞ்சமாகப் பேசுகிற மனுஷர். அம்மா அன்றைக்குப் போனில் கேட்ட அதே குரல். இன்றும் இலை போட்டுவிட்டுத்தான் பேச விட்டார்கள். பையன் ஒல்லி. என்னை 'சார்' என்றான். "சார்னு கஸ்டமர்தான் கூப்பிடுவாங்க தம்பி" என்றேன். "அப்ப என்னன்னு கூப்பிடட்டும்?" என்று கேட்டான். பூங்கோதை என்னைப் பார்த்தாள். நான் பாயசத்தைப் பார்த்தேன்.

ஒன்று மட்டும் தனியாகக் கேட்டுவைத்தேன். பாதியில் மின்சாரம் போய்விட்டால் வெளியீட்டை எங்கிருந்து தொடர்வது என்று. பொறுமையாகச் சொன்னான். எனக்குத் தெரியாது என்பதைக் காட்டாமல் சொன்னான். அது போதும்.

நவம்பர் 27, வியாழன்

மணப்பாறையோடு எல்லாக் கடையும் புது வெளியீட்டில். பழைய பெயரில் இனி எங்கும் ஃபோல்டர் இல்லை. பூங்கோதையிடம் சொன்னேன். "நம்ம வீட்டுல இருக்கான்ல" என்றாள். அவன் போட்டோவுக்குப் பூ மாற்றிக்கொண்டிருந்தாள்.

டிசம்பர் 10, புதன்

பதிவு அலுவலகத்தில் கல்யாணம். காலையிலிருந்து தூறல். முன்னால் இரண்டு ஜோடிகள் இருந்ததால் வராண்டாவில் நின்றுகொண்டிருந்தோம். தேன்மொழிக்கு அப்பா இல்லை. அண்ணன் துபாயிலிருந்து வர முடியவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். எழுத்தர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "பொண்ணு தரப்புச் சாட்சி யாரு?" என்றார்.

முன்னால் போய் நின்றேன்.

"பொண்ணுக்கு நீங்க என்ன வேணும்? அப்பாவா?"

"மாமனார்."

பேனாவை நிறுத்தினார். குமணனின் அப்பாவைக் காட்டி, "மாமனார் அவருல்ல? மாப்பிள்ளையோட அப்பான்னு இப்பத்தான எழுதினேன். நான் கேக்கிறது பொண்ணு தரப்பு."

"நானும் பொண்ணு தரப்புதான்."

"பெரியவரே, பின்னாடி ஆள் நிக்குது. ஒரு பொண்ணுக்கு எப்படி ரெண்டு மாமனாரு?"

குமணனின் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தேன்மொழி, மாலையும் கழுத்துமாக, மேஜைப் பக்கம் குனிந்து, "ரெண்டு பேரும்தான் சார். எழுதுங்க" என்றாள்.

எழுத்தர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எழுதுங்க" என்று நானும் சொன்னேன். குரல் கொஞ்சம் சத்தமாகிவிட்டது போலிருக்கிறது, வராண்டாவில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.